சிறார் கல்வியில் வரலாறு: தென்காசி, குற்றாலச் சான்றுகள்வழி ஒரு திறனாய்வு

முன்னுரை

தொடக்கப்பள்ளியிற் பயிலும் சிறார்க்கு வரலாறு கற்பித்தல் தகுமோ, தகுமாயின் அதனாற் பெறும் பயன் யாது என்னும் வினா கல்வியாளரிடை நெடுங்காலமாக நிலவி வருகின்றது. பிரெஞ்சு அறிஞர் ரூசோ 1762-இல் வெளியிட்ட ‘எமீல்’ என்னும் நூலில், மாந்தர் செயல்களுக்குரிய உட்காரணங்களை உணரும் ஆற்றல் அரும்பாத இளமைப் பருவத்தில் வரலாறு கற்பித்தல் பொருந்தாது என்றார். அமெரிக்க உளவியல் அறிஞர் செரோம் புரூனர், கல்வி நெறி பற்றி 1960-இல் வெளியிட்ட நூலில், எப்பாடத்தையும் எப்பருவத்தினர்க்கும் அவரவர் அறிவுநிலைக்கு ஏற்ற நேர்மையான வடிவிற் கற்பித்தல் இயலும் என்றார். இவ்விரு கொள்கைகளுள் முன்னையது சிறாரின் இயலாமையை நோக்கியது. பின்னையது கற்பிப்போரின் கடமையை நோக்கியது.

இவ்வினாவைக் கல்வியியலார்க்கே உரியது எனத் தமிழாய்வாளர் ஒதுக்கிவிடுதல் கூடாது. தமிழகத்துத் தொடக்கப்பள்ளிகளில் மூன்றாம் வகுப்பு முதல் சமூக அறிவியல் தனிப்பாடமாகவும், வரலாறு அதன் ஒரு கூறாகவும் அமைந்துள்ளன. ஊர்தோறும் அவ்வரலாற்றுக்குச் சான்றாக நிற்பனவோ பெரும்பாலும் தமிழ்க் கல்வெட்டுகளும் தமிழ்ப் பாக்களுமே. அவற்றைச் சிறார்க்கு உரியவாறு தெரிந்தும் தெளிந்தும் அளித்தல் தமிழ் பயின்றாரது பணியாகும். தென்காசியும் குற்றாலமும் இவ்வாய்வுக்கு ஏற்ற நிலைக்களன்கள். சிற்றாற்றங்கரையில், ஒரு நாட்பொழுதில் நடந்து சுற்றிவரத்தக்க சிறு பரப்பினுள், ஞானசம்பந்தர் பதிகங்கள் முதல் குறவஞ்சி ஈறாகப் பல நூற்றாண்டுச் சான்றுகள் அடுக்கடுக்காய் அமைந்து கிடக்கின்றன. அவற்றுட் சிலவற்றை ஆராய்ந்து, சிறார்க்கு வரலாறு தரும் பயன் யாது என்பதனை நிறுவ முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நீதி அறிந்தமையும் காலம் அறியாமையும்

நம் முன்னோர் நடத்திய திண்ணைப் பள்ளிகளில் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, வெற்றிவேற்கை முதலாய நூல்கள் மனப்பாடமாகப் பயிற்றப்பட்டன. அவற்றுள் நறுந்தொகை எனவும் பெயர் பெறும் வெற்றிவேற்கையை இயற்றியவராகக் கூறப்படுபவர் தென்காசிப் பாண்டியருள் ஒருவராகிய அதிவீரராம பாண்டியர். கி.பி. 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட இவரே நைடதம், காசிகாண்டம் ஆகிய பெருநூல்களையும் பாடியவர். வடமொழிக் காப்பியத்தைத் தமிழ்ப்படுத்தும் புலமை வாய்ந்த ஓர் அரசர், எழுத்தறியத் தொடங்கும் சிறாருக்கெனச் சின்னஞ்சிறு தொடர்களில் நீதிநூல் ஒன்று செய்தார் என்பது எண்ணி மகிழ்தற்குரியது. அந்நூல் எழுத்துக் கற்பித்த ஆசிரியனைப் போற்றித் தொடங்குவதும், இரந்தாயினும் கற்றல் நன்று என வற்புறுத்துவதும் யாவரும் அறிந்தனவே.

ஆயின் ஈண்டு ஒரு குறை புலனாகின்றது. தலைமுறை தலைமுறையாக வெற்றிவேற்கையை ஒப்புவித்த சிறார், அதனைச் செய்தவர் யாவர், எவ்வூரிலிருந்து ஆண்டவர், தமக்கு எத்துணை ஆண்டு முற்பட்டவர் என அறிந்தாரல்லர். நூலின் முகப்பில் கொற்கையை ஆளும் வீரராமன் எனவும் குலசேகரன் எனவும் வருகின்றது. தென்காசியிலிருந்து ஆண்டவர் கொற்கையாளி எனப்படுவது ஏன் என்று வினவும் மாணவனுக்கு விடை கூறும் வழக்கம் அப்பள்ளிகளில் இருந்ததில்லை. பாண்டியரின் பழைய துறைமுகத்தின் பெயர், அத்துறைமுகம் வளம் குன்றிப் பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும் அக்குலத்தார்க்குப் பெருமைப் பெயராக நிலைத்தது என்பதே அவ்விடை. அச்சிறு விடை ஒன்றே அப்பாண்டியர் எதனை இழந்தனர், எதனை நினைந்திருந்தனர் என்பதை உணர்த்தவல்லது.

நீதியைக் காலத்தினின்று பிரித்துக் கற்பிக்குங்கால் அஃது எவரும் சொல்லாத, எங்கும் பிறவாத கட்டளை போலத் தோன்றும். அதனை ஒரு மனிதர் ஒரு காலத்தில் ஓர் ஊரிலிருந்து சொன்னார் என அறியுங்கால், சிறுவன் அதனை ஏற்கவும் வினவவும் உரியவனாகின்றான். சிறார்க்கு வரலாறு தரும் முதற் பயன் இதுவே. தாம் கற்கும் சொற்களுக்குப் பின்னே மாந்தர் உளர் என்னும் உணர்ச்சியை அஃது அளிக்கின்றது.

2. தென்காசிக் கல்வெட்டுப் பாக்கள்

தென்காசி விசுவநாதர் திருக்கோயிலை எடுப்பித்தவர் அரிகேசரி பராக்கிரம பாண்டியர். திருப்பணி சகம் 1368-இல் தொடங்கியதைக் கல்வெட்டுப் பாடல் கூறுகின்றது. சக ஆண்டுடன் 78 கூட்டினால் கிறித்தவ ஆண்டு பெறப்படும். எனவே அது கி.பி. 1446 ஆகும். இக்கணக்கு நான்காம் வகுப்பு மாணவன் தானே செய்து காணத்தக்கது. இந்நிலப்பகுதியில் வழங்கிய கொல்லம் ஆண்டினையும் அவ்வாறே 825 கூட்டி ஏறத்தாழ அறியலாம். ஆசிரியர் ஆண்டினைச் சொல்ல மாணவர் எழுதிக்கொள்வது ஒரு முறை. கல்லில் உள்ள எண்ணை மாணவரே படித்துக் கூட்டி ஆண்டினைக் கண்டறிவது மற்றொரு முறை. முன்னதில் ஆண்டு என்பது சுமை. பின்னதில் அது கண்டுபிடிப்பு.

சிறார் காலத்தின் நீளத்தை உணரார் என்பது பெரிதும் கூறப்படும் தடை. நம் மொழியிலேயே அதற்கொரு வழி உண்டு. தந்தை, பாட்டன், பூட்டன், ஓட்டன் எனவும், பெயரன், கொள்ளுப்பெயரன், எள்ளுப்பெயரன் எனவும் தலைமுறைகளை முன்னும் பின்னும் எண்ணும் சொற்கள் தமிழில் உள்ளன. ஒரு தலைமுறைக்கு 25 ஆண்டு எனக் கொள்ளின், அக்கோயிற்பணி தொடங்கிய காலம் நமக்கு ஏறத்தாழ 23 தலைமுறைகளுக்கு முற்பட்டது. இருபத்து மூன்று சிறார் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்றால் பராக்கிரம பாண்டியரின் காலம் கண்முன் தோன்றும். ஓர் எண்ணாக நிற்கும்போது விளங்காத காலம், உறவாக நிற்கும்போது விளங்குகின்றது.

இனி, அக்கோயிற் பாக்களின் பொருளை நோக்குவோம். பராக்கிரம பாண்டியர் கூற்றாகத் தன்மையிடத்தில் அமைந்த பாடல்கள் இரண்டு ஈண்டுச் சிறப்பாகக் கருதத்தக்கன. இக்கோயில் இறைவன் செயலால் அமைந்ததேயன்றித் தம் செயலால் அமைந்ததன்று என்றும், இதனை மேலும் விரிவுசெய்து காப்பவர் அடியில் வீழ்ந்து அவர் ஏவல் செய்வேன் என்றும் ஒன்றில் அவர் கூறுகின்றார். பிற்காலத்தில் இவ்வாலயத்துக்கு யாதேனும் குறை நேருமாயின், அதனை நீக்கிப் புரப்பவர் எவராயினும் அவரை உலகறியப் பணிந்தேன் என்பது மற்றொன்றன் கருத்து.

இப்பாடல்களைப் போற்றுவோர் அரசரின் தனிப்பெரும் பணிவு என்றே உரைப்பர். அஃது உண்மையின் ஒரு பாதியே. அறத்தைக் காத்தவர் திருவடி தம் முடிமேலது என்னும் வாய்பாடு தமிழ்நாட்டுக் கொடைக் கல்வெட்டுகளிற் பரவலாகக் காணப்படுவது. பராக்கிரம பாண்டியர் அவ்வழக்கினைப் புதிதாகப் படைத்தாரல்லர். கல்வெட்டின் இறுதியில் சடங்குபோல் நின்ற ஒரு தொடரை எடுத்து, அதனையே பாட்டின் உயிராக்கினார். மெய்க்கீர்த்திகள் முன்னோர் புகழையும் முடிந்த வெற்றிகளையும் நோக்கிப் பின்முகமாக நிற்பன. இப்பாடல்களோ இன்னும் பிறவாதாரை நோக்கி முன்முகமாக நிற்கின்றன. மரபின் வழிப்பட்ட வாய்பாடு ஒருவர் வாயில் உயிர்ப்புறுவது எவ்வாறு என்பதற்கு இவை நல்ல எடுத்துக்காட்டு. மரபையும் தனிமனிதரையும் ஒருங்கு காட்டுதலே இவற்றை நேர்மையாகக் கற்பிக்கும் முறையாகும்.

பிற்றைநாள் வரலாறு இப்பாடல்களுக்கு ஓர் உரையாக அமைந்தது. ஒன்பது நிலையுடைய அக்கோபுரம் பின்னாளிற் சிதைந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாக நின்றது. ஊரார் பொருளும் உழைப்பும் கூடி அது மீளவும் எடுக்கப்பெற்று 1990-இல் குடமுழுக்குக் கண்டது. அரசர் அஞ்சிய குறையும் வந்தது. அவர் பணிந்த மக்களும் வந்தனர். தொடக்கத்திற்கும் மீட்சிக்கும் இடையே 544 ஆண்டுகள். இறந்தகாலத்தார் நம்மை எண்ணி வாழ்ந்தனர் என்பதைச் சிறுவன் உணர்வதற்கு இதனினும் சிறந்த பாடம் அரிது. தானும் பின்வருவார்க்கு ஒரு முன்னோன் ஆவான் என்னும் எண்ணம் அவன் உள்ளத்தில் அப்போழ்தே வித்திடப்படுகின்றது.

அச்சிறுவனே பிறிதொரு வினாவையும் எழுப்பக்கூடும். கல் சுமந்தவர் பெயர் எங்கே எழுதப்பட்டுள்ளது என்பது அவ்வினா. அதனை ஆசிரியர் தட்டிக்கழித்தல் கூடாது. கல்வெட்டு பேசுவனவும் பேசாது விடுவனவும் உண்டு என்பதும் வரலாற்றுப் பாடமே.

3. கேட்டதும் கண்டதும்

தென்காசிக் கோயிலைப் பற்றி ஊரில் வழங்கும் வரலாறு பிறிதொன்று. இறைவன் அரசரின் கனவில் தோன்றி, எறும்புகள் ஊர்ந்து செல்லும் வழியே சென்று, அவ்வரிசை முடியும் செண்பகக் காட்டிற் கோயில் எடுக்குமாறு பணித்தார் என்பர். இக்கதை சிறார்க்கு இனியது. இதனைக் கூறலாமா, விலக்கலாமா என்பதில் ஆசிரியர் இருபாலாராய்ப் பிரிவர். கதையையே வரலாறாகச் சொல்லிவிடுவார் ஒருசாரார். கதையை முற்றிலும் ஒதுக்கிக் கல்வெட்டு ஆண்டினை மட்டும் சொல்வார் மற்றொரு சாரார். இருவர் முறையும் குறையுடையனவே. முன்னது சிறாரின் ஆராய்ச்சித் திறனை மழுக்குகின்றது. பின்னது ஊரார் உள்ளத்தை வரலாற்றினின்று நீக்கிவிடுகின்றது.

இவ்விடர்க்குத் தீர்வு தமிழ் மரபிலேயே உண்டு. காண்டல், கருதல், உரை என மூவகை அளவைகளைச் சைவ சித்தாந்த நூலோர் வகுத்துக் கூறுவர். மணிமேகலையும் பல்வேறு சமயத்தார் கொண்ட அளவைகளை விரித்துரைக்கின்றது. சமயப்பொருளை ஆராயுமாறு வகுத்த இக்கருவியை ஊர் வரலாற்றுப் பாடத்துக்கும் எளிய முறையிற் பயன்படுத்தலாம். கல்லில் எழுதியிருப்பது காண்டல். அதன் எழுத்து வடிவு, ஆண்டு, கட்டட அமைதி ஆகியவற்றால் உய்த்தறிவது கருதல். பாட்டியார் சொல்லக் கேட்டது உரை. எறும்புக் கதை மூன்றாவதன்பாற் படும். அதனைப் பொய் என்று இகழவும் வேண்டா, கல்வெட்டோடு ஒப்ப வைக்கவும் வேண்டா. ‘இஃது ஊரார் சொல்வது; இது கல்லில் உள்ளது’ எனப் பிரித்துச் சொல்லப் பயின்ற ஒன்பது வயதுச் சிறுவன், வரலாற்றாய்வின் அடிப்படையை அறிந்துவிட்டான் என்க. கோபுரம் சிதைந்ததற்குக் காரணம் தீ என்பாரும் இடி என்பாரும் ஊரில் உளர். இவ்வேறுபாட்டை மறைக்காது மாணவர் முன் வைத்தலே சாலும். எதற்குச் சான்று வலிது என அவர்களே வினவத் தொடங்குவர்.

கோயில் ஒன்றினை வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொள்ளுங்கால் ஆசிரியர் ஓர் எச்சரிக்கை கொள்ளுதல் வேண்டும். தென்காசி வட்டாரத்து வகுப்பறைகளில் பல சமயத்துச் சிறாரும் ஒருங்கிருந்து பயில்கின்றனர். வழிபாடு வேறு, சான்றாய்வு வேறு. கல்வெட்டின் மைப்படியை வகுப்பறைக்குக் கொணர்ந்து படிப்பித்தால், எச்சமயத்துச் சிறுவனும் அதனைத் தன் ஊரின் ஆவணமாகவே கொள்வான். அவ்வாறே பள்ளிவாசல், தேவாலயம், குளக்கரைக் கல், பழைய மடம் ஆகியவற்றின் சான்றுகளும் அதே முறையில், அதே மதிப்புடன் படிக்கப்பெறல் வேண்டும்.

4. குறவஞ்சி காட்டும் நிலப்படம்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே உள்ள மேலகரத்திற் பிறந்தவர் திரிகூடராசப்பக் கவிராயர். அவர் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சி 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியைச் சார்ந்தது. 1706 முதல் 1732 வரை மதுரையில் ஆண்ட விசயரங்க சொக்கநாத நாயக்கர் அந்நூற்குப் பரிசிலாக நிலம் அளித்தமையும், அந்நிலம் குறவஞ்சி மேடு எனப் பெயர் பெற்றமையும் அறியப்பட்டனவே. ஒரு நூலின் பெயர் ஒரு வயலின் பெயராயிற்று என்பதே சிறார்க்கு ஓர் அரிய செய்தி. ஊர்ப்பெயர், நிலப்பெயர் ஆகியவற்றினூடே வரலாறு உறைதலை இரா.பி. சேதுப்பிள்ளை ‘தமிழகம் ஊரும் பேரும்’ என்னும் நூலில் விரித்துக் காட்டியுள்ளார்.

குறவஞ்சியின் மலைவளப் பகுதி பள்ளிப் பாடநூல்களில் இடம்பெறுதல் பழவழக்கு. ஆயின் அது செய்யுளின்பம் கருதியே அமைக்கப்படுகின்றது. வரலாற்று நோக்கில் அதனினும் பயனுடையது சிங்கனும் சிங்கியும் உரையாடும் பகுதியாகும். சிங்கியின் காலிலும் விரலிலும் கிடக்கும் புதிய அணிகளைக் கண்டு ஐயுற்றுச் சிங்கன் வினவ, அவள் ஒவ்வோர் அணியும் இன்ன நாட்டிற் குறி சொல்லிப் பெற்றது என்று விடையிறுக்கின்றாள். சிலம்பு சேலத்து நாட்டிலிருந்தும், தண்டை கோலத்து நாட்டாரிடமிருந்தும், காலாழி கண்டியிலிருந்தும் வந்தனவாக அவள் கூறக் கேட்கின்றோம். மாணவர் ஒரு நிலப்படத்திற் குற்றாலத்தைக் குறித்து, அதிலிருந்து இவ்விடங்களுக்குக் கோடு வரைவாராயின், மேற்குக் கடற்கரையும் ஈழமும் கொங்குப் பகுதியும் ஒரு மலையூரின் சொற்களஞ்சியத்தில் இணைந்திருந்தமை விளங்கும்.

ஈண்டுத் திறனாய்வின் கடமை ஒன்றுண்டு. இப்பகுதியைக் கொண்டு குறவர் மகளிர் உண்மையிலேயே கண்டி வரை சென்றனர் என முடிவு செய்தல் தவறாகும். குறத்தி தான் சென்ற நாடுகளைப் பெருமையாக அடுக்கிக் கூறுவது குறவஞ்சி இலக்கியத்தின் மரபு. ஆதலின் அது பயணத்துக்குச் சான்றாகாது. ஆயினும் அப்பெயர்களைச் சொல்ல அவையோர் கேட்டுச் சுவைத்தனர் என்பதற்கு அது சான்றாகும். இலக்கியம் நிகழ்ச்சிக்குச் சான்றாகாத இடத்தும் அறிவுப் பரப்புக்குச் சான்றாதல் உண்டு. முதுகலை மாணவரும் சிற்சில வேளை மறக்கும் இவ்வேறுபாட்டை, ‘அவள் போனாளா? போனதாகச் சொன்னாளா?’ என்னும் ஒரு வினாவினாற் சிறார்க்கு உணர்த்திவிடலாம்.

பாட்டினைச் சான்றாக்கினால் அதன் சுவை கெடும் என்னும் மறுப்பு எழலாம். குற்றாலத்தில் வாழ்ந்து 1954-இல் மறைந்த ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் கவிதையைக் கவிதையாகவே துய்த்தல் வேண்டும் என வாழ்நாளெல்லாம் வற்புறுத்தியவர். அவர் நோக்குப் போற்றத்தக்கது. ஆயின் முதலிற் பாடலைப் பாடிச் சுவைத்து, பின்னரே நிலப்படத்தை விரிப்பின் சுவைக்குக் கேடு இல்லை. சிங்கன் ஐயுறுவதும் சிங்கி மழுப்பாது விடையிறுப்பதும் சிரிப்பை விளைப்பன; சிரித்த சிறுவன் அவ்வூர்ப் பெயர்களை மறவான்.

5. எல்லையும் பெருமிதமும்

வரலாற்றுக் கல்வியால் தீங்கு நேரும் வாயில்களும் உள. இன்றைய எல்லைகளை என்றும் இருந்தனவாகக் கருதுதல் அவற்றுள் ஒன்று. தென்காசியை அடுத்துள்ள செங்கோட்டை திருவிதாங்கூர் ஆட்சியின்கீழ் இருந்து, மாநிலச் சீரமைப்பின்போது 1956 நவம்பர் 1-ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அணித்தே வாழ்ந்த இரு சிறுவர் அந்நாளில் இருவேறு அரசுகளின் பள்ளிகளிற் பயின்றனர். தென்காசி திருநெல்வேலியினின்று பிரிந்து தனி மாவட்டமானதோ 2019-இல். பாட்டனார் ஓர் அரசின் குடி, பெயரன் மற்றோர் அரசின் குடி. வீடு மட்டும் அதே வீடு. எல்லை என்பது மாந்தர் வகுத்தது என்பதனை இதனினும் தெளிவாக எப்பாடநூலும் கூறவியலாது.

மற்றொரு தீங்கு குலப்பெருமிதம். பழைய மன்னரையும் பாளையத் தலைவரையும் தத்தம் குலத்தார்க்கே உரியவராகக் கொண்டாடும் போக்குத் தமிழகத்திற் பரவியுள்ளது. தொடக்கப்பள்ளி வரலாற்றைக் கற்பிக்காது விட்டால் சிறுவன் வரலாறின்றி வளர்வான் அல்லன். சுவரொட்டியும் மேடைப்பேச்சும் திரைப்படமும் அவனுக்கு வரலாறு கற்பிக்கும். அவை கற்பிப்பது சான்று நாடாத பெருமிதம். அதனின்று பிறப்பது பகை. காண்டலையும் உரையையும் பிரித்தறியப் பயின்றவனே அப்பெருமிதத்தை நோக்கிச் சான்று யாது என வினவுவான். ஆகவே, சிறார்க்கு வரலாறு வேண்டுமா என்பது உண்மையான வினா அன்று. அதனை வகுப்பறையிற் பெறுவதா, தெருவிற் பெறுவதா என்பதே வினா.

எல்லாவற்றையும் இப்பருவத்திலேயே கற்பித்தல் வேண்டும் என்பது எம் கருத்தன்று. செங்கோட்டை வாஞ்சிநாதன் 1911 சூன் 17-ஆம் நாள் மணியாச்சி இரயில் நிலையத்தில் ஆட்சியர் ஆஷைச் சுட்டுக்கொன்று தானும் உயிர் துறந்த நிகழ்ச்சியை இவ்வட்டாரத்துச் சிறார் எவ்வாறேனும் கேள்வியுறுவர். நாளும் இடமும் நிகழ்ச்சியும் அவர்க்குத் திருத்தமாகக் கூறப்படலாம். அச்செயலின் நோக்கம், அதனைப் பற்றிய மாறுபட்ட மதிப்பீடுகள் ஆகியவற்றை ஆராய்தல் மேல்வகுப்புக்கு உரியது. இவ்விடத்தில் ரூசோ கூறியதும் ஓரளவு பொருந்துகின்றது. உட்காரணங்களை அளக்கும் ஆற்றல் முதிரும் வரையிற் காத்திருத்தல் தகும். பிழையான செய்தியைத் திருத்துதற்குக் காத்திருத்தல் தகாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தொடக்கப்பள்ளிச் சிறார்க்கு வரலாறு மூவகைப் பயன் தருதல் பெறப்படும். கற்ற சொற்குப் பின்னுள்ள மாந்தரைக் காட்டுதல் ஒன்று. முன்னோர்க்கும் பின்னோர்க்கும் இடையே தம் இடத்தை உணர்த்துதல் மற்றொன்று. கேட்டதையும் கண்டதையும் பிரித்தறியும் ஆற்றலை வளர்த்தல் பிறிதொன்று. மூன்றாவதே தலையாயது; அதுவின்றேல் முன்னைய இரண்டும் கதையாகவும் செருக்காகவும் மாறிவிடும்.

இதனை நிறைவேற்றத் தமிழ்த்துறையினர் செய்யத்தக்கது உண்டு. கல்வெட்டுப் பாக்களை ஆய்வாளர் பதிப்பித்துள்ளனர், மு. இராகவையங்கார் தொகுத்த பெருந்தொகை போன்ற தொகுப்புகளும் உள்ளன. அவை யாவும் கற்றோர்க்கென அமைந்தவை. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் உரிய சில கல்வெட்டுகளையும் பாக்களையும் தெரிந்து, எளிய உரையும் ஆண்டுக் கணக்கும் நிலப்படமும் சேர்த்துத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கு அளித்தல் முதுகலை ஆய்வாகவே மேற்கொள்ளத்தக்கது. அதனை எளிய பணி எனக் கருதுதல் பொருந்தாது. நைடதம் பாடிய புலமையாளர் சிறார்க்கு நூல் செய்தலை இழிவாகக் கருதினாரல்லர். தம் பணியிற் குறை நேரின் அதனைத் திருத்துவார் வருவர் என்று கல்லில் எழுதிவைத்த அரசரின் ஊரில், அத்திருத்துவாரை உருவாக்கும் இடம் தொடக்கப்பள்ளியே ஆகும்.